மழுக்கிய முனை

இரும்பு அச்சுகளுக்கு வரைபடம் போடும் டை டிசைனில் பதினோரு வருஷம் இருந்தால், வரைபடத்தில் கூர்முனையைக் கண்டதும் கை தானாக வளைவு போட்டுவிடும். இரும்பில் விரிசல் அங்கேதானே ஆரம்பிக்கும்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஓசூர்த் தொழிற்பேட்டைப் பழக்கமும் அப்படித்தான்.

அந்தக் கையோடுதான் பெங்களூரில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். ஸ்ட்ரிங் தியரி. நம் கண்ணுக்குத் தெரியாத பரிமாணங்கள் ஒரு வடிவமாகச் சுருண்டு கிடக்கின்றன என்கிறது அது. அப்படி ஒரு வடிவத்திலிருந்து என்னென்ன துகள்கள் கிடைக்கும் என்று கணக்குப் போடுவது என் வேலை. சனிக்கிழமைதோறும் பெங்களூர் போகும் வழியில், மாநில எல்லையில் ஜூஜுவாடி நெரிசலில் பஸ் நிற்கும்போது மடியில் வைத்துப் போடுவேன். மூன்று வருஷம் போட்டேன். விடை பூஜ்யம். ஒரு துகள்கூட இல்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “என்னம்மா, எலக்ட்ரான்கூட இல்லாத உலகத்துல எப்படி உக்காந்து எழுதினே?”

வடிவத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் கூம்பின் நுனி மாதிரி கூராக இருந்தது. அங்கே கணக்கு முரண்டு பிடித்ததால் மழுக்கிவிட்டிருந்தேன். துகள்கள் அந்த முனையில்தான் இருக்கும். வழவழப்பான இடத்தில் ஒன்றும் தங்காது. இது தெரியாதவள் இல்லை நான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திருத்தலாம். ஆனால் பதிவு முடிய ஆறு மாசம்தான் இருந்தது. வேலையை விட்டு முழுநேரமாக வந்தால் முடித்துவிடலாம் என்றார் பேராசிரியர். வேலையை விட்டால் கம்பெனி இன்சூரன்ஸ் போய்விடும். அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் அதில்தான் நடந்தது.

அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

“வேலைய உட்டுடு பாப்பா. என்னைப் பாத்துக்க ஆண்டவர் இருக்காரு.”

“ஆண்டவரா வந்து ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடுவாரு?” என்று கத்தினேன். ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்த கையை அவர் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். இவர் இருக்கும்வரை எனக்கு விடுதலை இல்லை என்று அந்த நொடியில் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றும் கூசுகிறது.

ஆறு மாசமும் மதிய இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து, முனையை முனையாகவே விட்டு, மறுபடி போட்டேன். பாதிதான் முடிந்தது.

பதிவை ரத்து செய்யும் படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். ‘உடல்நலம்’ என்று எழுதினேன். யாருடையது என்று எழுதவில்லை. வாங்கிக்கொண்ட பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சீக்கிரம் குணமாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று கன்னடத்தில் ஆறுதல் சொன்னாள்.

குணமாகிற வியாதி இல்லை அது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.