வெர்லீன் டப்ஸ் அனுபவித்த தண்டனை

டெட்ராய்ட்டில் எங்கள் சபையின் முன் பெஞ்சு பத்தொன்பது வருடமாக வெர்லீன் டப்ஸுக்குச் சொந்தம். வாரத்தில் ஆறு நாள் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவார்; ஏழாம் நாள் சபைப் பாட்டுக்குக் கை தட்டுவார். பாடமாட்டார், குரல் தகரம். ஆனால் அவர் கை தாளத்துக்கு மயிரிழை பிந்தி விழும். அந்தத் தாமதத்துக்காகச் சபையே காத்திருக்கும்.

தேவனைப் பாடாத உலகப் பாட்டெல்லாம் பிசாசின் பாட்டு என்பதில் பாஸ்டர் ஹாஸ்கின்ஸைவிட அவர் கண்டிப்பு. கிளப்பில் பாடிய மூன்று பேரைப் பன்னிரண்டு வாரம் கடைசி பெஞ்சில் உட்காரவைக்கச் சட்டம் கொண்டுவந்ததே அவர்தான்.

1963-ல், எங்கள் பாடகர் குழுவில் வளர்ந்த ரோஸெல் முதல் இசைத்தட்டுக்குப் பாடப் போனாள். வயது பதினாலு, பியானோவும் அவளே. கூலிக்கு வந்தவர்கள் கடிகாரம்போலக் கை தட்டினார்கள். அவளுக்குப் பாட்டு எழவில்லை. நேராக வெர்லீன் வீட்டுக்கு வந்தாள்.

"அத்தை, நீங்க தட்டினாத்தான் எனக்குப் பாட்டு வரும்."

"உலகப் பாட்டெல்லாம் நான் பாடமாட்டேன்டி."

"உங்களை யாரு பாடச் சொன்னா? கம்பெனிக்கு அவ்வளவு தைரியம் இல்ல."

வெர்லீன் யோசித்தார். கைக்கு வார்த்தை கிடையாது. வார்த்தை இல்லாத இடத்தில் பாவம் எங்கே? பத்துப் பாட்டுக்கும் தட்டிவிட்டு வந்தார்.

இசைத்தட்டு அட்டையில் அவர் பெயர் இல்லை. முதல் பாட்டு ரேடியோவில் வந்த அன்றே அந்த மயிரிழைத் தாமதத்தை வைத்துச் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது.

"சிஸ்டர், அந்தக் கை யாரோடது?" என்றார் பாஸ்டர்.

"என்னோடதுதான். நீங்க எப்படிக் கேட்டீங்க?"

"பக்கத்து வீட்டு ரேடியோ."

"கடைசி வரைக்குமா?"

சட்டம் சட்டம்தான் என்று வெர்லீனே கைப்பையோடு கடைசி பெஞ்சுக்குப் போனார். பத்தொன்பது வருட இடம் காலியானது.

கை இப்போது பின்னாலிருந்து விழுந்தது. பாடகர் குழு முன்னால் தடுமாறியது. மூன்றாவது ஞாயிறு சபை முழுவதும் பாஸ்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பாடியது. அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"முன்னால வந்துடுங்க சிஸ்டர். மன்னிச்சாச்சு."

"இன்னும் ஒன்பது வாரம் இருக்கு பாஸ்டர். நானே மீறினா அந்த மூணு பேரு என்னைச் சும்மா விடுவாங்களா?"

பாஸ்டர் சபை வேலைகளைப் பார்க்கும் டீக்கன்கள் இருவரைக் கூப்பிட்டார்.

"இந்தக் கடைசி பெஞ்சைத் தூக்குங்கய்யா."

வெர்லீன் எழுந்து வழிவிட்டார். பெஞ்சின் பின்னாலேயே நடந்துபோய், மேடைக்கு நேர் எதிரே அது இறங்கியதும் அதில் உட்கார்ந்தார். மீதி ஒன்பது வாரத் தண்டனையையும் ஒரு நாள் குறையாமல் அங்கேயே அனுபவித்தார்.