இலவசமாய்க் கிடைத்த வெல்டர்

நூற்பாலை மூடப்பட்டுக் கணக்கர் வேலை பறிபோன பின், ஐம்பது வயதைக் கடந்த நிலையில் கணினியை நானே கற்றுக்கொண்டு, ஒரகடம் கூட்டுச் சாலையில் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்துப் பிழைத்தேன். சிறு நிறுவனங்களுக்கு வலைத்தளமும் அமைத்துத் தருவேன்.

அவ்வகையில் வந்தவர் ஓர் ஒப்பந்தக்காரர். அப்பகுதியில் புதிதாக எழுந்த தொழிற்சாலைகளுக்குக் கூரை அமைக்க வெல்டர்களை அனுப்புபவர். பெரிய கம்பெனிகளிடம் காட்ட அவருக்கு ஒரு தளம் தேவைப்பட்டது. அவருடைய ஆட்களையே படமெடுத்து இடலாம் என்றேன்.

“இன்னா பெர்சு, வெவரம் இல்லாம பேசுற? மூஞ்சி தெரிஞ்சா நாளைக்கு எவனாவது ‘நான் உன் ஆளு’ன்னு வந்து நிப்பான். நெட்டுல சும்மா கெடைக்குதாமே, அதுல நாலு எடுத்துப் போடு.”

இலவசப் படங்களைத் தேடுவது அந்நாளில் பொறுமையைச் சோதிக்கும் பணி. தொலைபேசிக் கம்பி வழியே வந்த இணையத்தில் ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கும். பலவற்றின் குறுக்கே உரிமையாளரின் முத்திரை கிடக்கும். சிலவற்றின் அடியில், வணிகத்துக்கு ஆகாது என்ற நிபந்தனை இருக்கும். அவற்றையெல்லாம் படித்து விலக்கிய பின், தலைக்கவசம், காலணி, இடுப்பில் கயிறு கட்டிய மனிதன் எனச் சில சின்னங்கள் கிடைத்தன. முழு முகமூடியணிந்து தீப்பொறிகளின் நடுவே குனிந்திருக்கும் ஒரு வெல்டரின் படமும் கிடைத்தது. எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று அதன்கீழ் எழுதியிருந்தது. அதையே முகப்பில் வைத்தேன்.

ஞாயிறுதோறும் என் கடைக்கு வரும் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் இருவர் அந்த ஒப்பந்தக்காரரிடம்தான் வேலை செய்தனர். அவர்களுக்குத் தளத்தைத் திறந்து காட்டினேன்.

“ஏல, இது நாந்தாம்ல,” என்றான் ஒருவன்.

“மூக்குகூடத் தெரியல. எத வச்சுல சொல்லுத?”

“அந்தக் கூனலப் பாருல. என்னய மாதிரி வேற எவன் குனிவான்?”

இருவரும் சிரித்தனர். அன்றே அவன் என் கடைத் தொலைபேசியில் தாயை அழைத்து, கம்பெனிக்காரர்கள் தன் படத்தை நெட்டில் போட்டிருப்பதாகப் பெருமையுடன் சொன்னான்.

அவ்வாண்டு மழைக்காலத்தில், ஈரமான கூரைச் சட்டத்திலிருந்து விழுந்து அவன் இறந்தான். இடுப்பில் கயிறு இல்லை. அவன் தம் ஆளே அல்லன் என்று ஒப்பந்தக்காரர் கைவிரித்தார். அடையாள அட்டை என்று எவருக்கும் அவர் எதுவும் தந்ததில்லை. உடன் தங்கியிருந்த நண்பன் சாட்சி சொல்ல அஞ்சி ஊர் திரும்பிவிட்டான்.

பின்னர் ஒரு காலையில் இறந்தவனின் அண்ணன் என் கடைக்கு வந்தார். இழப்பீடு கேட்டுக் காஞ்சிபுரத்திலுள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறார். தம்பி அங்கே வேலை பார்த்ததற்கு ஏதேனும் ஒரு சான்று வேண்டும்.

“கம்பெனி நெட்டுல எந்தம்பி படம் இருக்காம்லா ஐயா? அம்மைட்ட சொல்லியிருக்கான். அத எடுத்துத் தாங்க.”

திறந்து காட்டினேன். அவர் திரையருகே குனிந்தார்.

“இவந்தான் ஐயா. குனிஞ்சிருக்க தினுசே சொல்லுதே.”

உண்மையைச் சொல்லாமல் அனுப்பினால், அந்த அலுவலகத்தில் பலர் முன்னிலையில் அதை அறிந்துகொள்வார். ஆகவே, அப்படத்தை நான் எடுத்த தளத்தைத் திறந்தேன். அதே மனிதனின் அடுத்த படம் மெல்ல மெல்ல இறங்கிற்று. முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, செம்பட்டைத் தாடியுடன் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் திரையை விட்டு நிமிர்ந்தார்.

“ஆபீசுல இதயும் தேடிப் பாப்பாவளோ?”

“காண்ட்ராக்டரே எடுத்துக் காட்டுவாரு தம்பி.”

“அப்பம் அந்த மொதப் படத்த மட்டும் பிரிண்டு போடுங்க. அம்மை பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

வண்ணத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். தூறலில் நனையாதபடி அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினார். காஞ்சிபுரம் செல்லும் பேருந்து வந்து நின்று, புறப்பட்டுப் போயிற்று. அவர் சாலையைக் கடந்து, ஊருக்கு ரயிலேறத் தாம்பரம் செல்லும் பேருந்துக்காக எதிர்ப்புறத்தில் நின்றிருந்தார்.