அம்மா பாடிய நாலு வரி

வெயிலில் சூடேறும் அரக்குக்கு ஒரு வாசனை உண்டு. தண்டையார்பேட்டையில் எங்கள் "லைன் வூட்டு" மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வாசனைதான். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிய என் நைனா, நெளிந்துபோன பழைய அரக்கு கிராமபோன் ரிக்கார்டை, "பிளேட்டு" என்போம் நாங்கள், இரண்டு ஜன்னல் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, மேலே இரும்புத் துண்டை ஏற்றி, வெயிலில் நிமிர்த்துவார். முள் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு சொன்னதையே சொன்னால், அங்கே சாக்கட்டியால் புள்ளி வைத்து, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, முள் ஓடும் கோடு உடைந்த இடத்தைத் தையல் ஊசியால் கீறிச் சரிசெய்வார். அவ்வளவு பொறுமையான கை. அம்மாவை அடித்ததும் அதே கைதான்.

அம்மா கல்யாணத்துக்கு முன் ஒரு நாடகக் கம்பெனியில் இருந்தவள். கம்பெனி போட்ட ஒரே ரிக்கார்டில் நாலே நாலு வரி தனியாகப் பாடியிருந்தாள். தாலி ஏறியதோடு பாட்டு நின்றுபோனது. அடுப்படியில் முனகினால்கூட உதை விழும். குழாயடியில் ஒருநாள் பக்கத்து வீட்டு ராணியக்கா ஏதோ கேலி பேச, அம்மா ரோஷத்தில், "என் கொரலு பிளேட்டுல கீது, போட்டுக் காட்டறேன் பாரு" என்று சொல்லிவிட்டாள். டிரங்குப் பெட்டியின் அடியில் நெளிந்து கிடந்ததை எடுத்துவந்து நைனாவிடம் கெஞ்சினாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் என் பெயரே "டிராமாக்காரி பொண்ணு" என்றாகியிருந்தது. அதற்காக அம்மாவை நான் வெறுத்தேன், உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா.

பிளேட்டு நிமிர்ந்தது. ஆனால் அம்மாவின் முறை வருவதற்குச் சற்று முன்பே முள் சிக்கிக்கொண்டது. அம்மா மீன் வாங்கப் போயிருந்த நேரம், நைனா முள்ளை விரலால் தள்ளிவிட்டார். பாடியது ஒரு சின்னப் பெண். பயம் என்பதே இல்லாத குரல். அப்படி ஒரு குரலில் அம்மா எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நைனாவின் முகம் சுண்டிவிட்டது. மறுபடி போட்டார். சாக்கட்டியை என்னிடம் நீட்டினார்.

"உங்கம்மா எங்க ஆரம்பிக்கிறா, எங்க முடிக்கிறா, ரெண்டு புள்ளி வையி."

எதற்கு என்று தெரிந்தேதான் வைத்தேன். சிக்கிய இடத்தை முதலில் சுத்தமாகச் சரிசெய்தார். பிறகு முதல் புள்ளியிலிருந்து இரண்டாவது புள்ளிவரை, முள் அதில் விழுந்து வழுக்கிக்கொண்டு போகும்படி, ஊசியால் சாய்வாக ஒரு கோடு கீறினார். சாக்கட்டித் தூளை ஈரத்துணியால் துடைத்தது நான்.

அடுத்த ஞாயிறு அம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, எல்லாக் குடித்தனத்தையும் கூப்பிட்டாள். பிளேட்டு நல்ல பிள்ளையாக ஓடியது. இதோ நான், இதோ நான் என்று கையைத் தூக்கினாள். கரக் என்று ஒரு சத்தம், உடனே ஆர்மோனியம், பாட்டு முடிந்தது. ராணியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாவம், கனா கண்டுகினு கீறா" என்றார் நைனா. எல்லோரும் போனபிறகு அம்மா என்னிடம் வந்து, நைனா போட்டுப் பார்த்தபோது நீயாவது கேட்டாயா என்றாள். இல்லை என்றேன். பெட்டியடியில் போட்டு வைத்தது தன் தப்புதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நைனா போய்ச் சேர்ந்தார். லைன் வீடுகளை இடித்த இடத்தில் இன்று கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மாடியும் இல்லை, அந்த வாசனையும் இல்லை. அம்மா கடைசியில் திருவொற்றியூரில் என் வீட்டில்தான் படுக்கையில் கிடந்தாள். போன வருடம் ஒரு காலை, நான் தலை வாரிவிடும்போது தானாகச் சொன்னாள்:

"அதுல நான் பாடுனேன்டி. நீ ஒருவாட்டி கேட்டிருந்தா போதும் எனக்கு."

கேட்டேன்மா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொன்னால் அடுத்த கேள்வி வரும். சிக்கெடுத்து, பின்னலைப் போட்டு முடித்தேன். கஞ்சி ஆறுகிறது, குடி என்றேன்.