நிதர்சனா சொன்னதும் பிரஷாந்தினி சொன்னதும்

நிதர்சனா பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கப் போகிறாள் என்றதும் ஊரில் பலருக்கு அது என்ன படிப்பென்றே விளங்கவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில், கிழிந்த வலையைத் தைத்தபடி இருந்த அவளுடைய தகப்பன் கொன்ஸ்ரன்ரைன், கேட்டவர்களுக்கெல்லாம் "மண்டைப் பிழைக்கு மருந்து குடுக்கிற படிப்பு" என்று பெருமையாகச் சொன்னார்.

"மருந்து குடுக்கிறது டொக்டர்மார், அப்பா. நாங்கள் ஆக்கள் கதைக்கிறதைக் கேக்கிறது."

"கேக்கிறதுக்கு நாலு வருசமோ?" என்று அவர் சிரித்தார்.

தாய் யூலிற்றா சிரிக்கவில்லை. அந்த வீட்டில் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அதை ஒருவரும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை. போரின் கடைசிச் சண்டையில், சனத்தோடு சனமாக ஓடியபோது, நிதர்சனாவின் தம்பி ஜெறோம் தொலைந்து போனான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. சனம் இடித்துப் பிரித்துவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவனுடைய படம் சுவரில் மாதா படத்துக்குக் கீழே இருந்தது. பெயர் மட்டும் யாருடைய வாயிலும் வருவதில்லை.

பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடத்தில் நிதர்சனாவுக்கு நித்திரை கெட்டது. விடுதியில் படுத்திருக்கையில் யாரோ "அக்கா" என்று கூப்பிடுவதுபோல் கேட்கும். எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பார்ப்பாள். சாப்பாடு இறங்கவில்லை. தானே ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போனாள். மாதக்கணக்கில் மருந்து எடுத்தாள், குரல் அடங்கியது, டொக்டரே மருந்தை நிறுத்தினார். படிப்பை ஒருநாளும் விடவில்லை. வீட்டுக்கும் சொல்லவில்லை.

சொன்னது ஒரேயொருத்திக்குத்தான்.

இரண்டாம் வருடத்தில் உளவளத்துணைப் பயிற்சி தொடங்கியது. இரண்டிரண்டு பேராக ஓர் அறைக்குள் இருந்து, ஒருத்தி கதைக்க மற்றவள் கேட்க வேண்டும். பொய்க் கதை கட்டக்கூடாது, உண்மையாய் மனதில் கிடப்பதையே எடுக்க வேண்டும் என்றார் விரிவுரையாளர். கேட்டது அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. அதுதான் இந்தத் தொழிலின் அத்திவாரம் என்று கரும்பலகையில் எழுதியும் போட்டார். நிதர்சனாவுக்குச் சோடியாக வந்தவள் பிரஷாந்தினி. புளியங்குளத்துப் பிள்ளை, விடுதியில் பக்கத்துக் கட்டில். இருவரும் ஒரே பார்சல் சோற்றைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள்.

அன்று அந்த அறையில் நிதர்சனா எல்லாவற்றையும் சொன்னாள். மருந்தைச் சொன்னாள், குரலைச் சொன்னாள். பிறகு யாருக்கும் சொல்லாததையும் சொன்னாள்.

"சனம் பிரிக்கேல்லை, பிரஷா. தலையில ஒரு அரிசிப் பை வைச்சிருந்தனான். அது சரிஞ்சிட்டுது. பிடிக்கிறதுக்கு அவன்ர கையை நான்தான் விட்டனான்."

பிரஷாந்தினி முடியும்வரை கேட்டாள். கதிரையை முன்னுக்கு இழுத்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதாள். நிதர்சனா அன்று பின்னேரம் பசித்துச் சாப்பிட்டாள். இதுதான் நான் செய்ய வேண்டிய வேலை என்று அவளுக்கு உறுதியானதும் அன்றைக்குத்தான்.

நாலாம் வருடம் முடிந்தது. கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனம், கடலோரக் கிராமங்களில் பெண்களோடு வேலை செய்ய ஓர் உளவளத்துணையாளரைத் தேடியது. வேலை ஒன்று, போட்டி பெரிது. தோழிகள் இருவரும் விண்ணப்பித்தார்கள். நேர்முகத்துக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். வழியில் பிரஷாந்தினி நிதர்சனாவின் சேலை மடிப்பைக் கூடச் சரிசெய்துவிட்டாள். முதலில் உள்ளே போனவளும் பிரஷாந்தினிதான்.

நிதர்சனாவின் முறை வந்தபோது, பொறுப்பாளர் குகதாசன் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் கேட்டார். அவள் சொன்ன பதில்களுக்குத் தலையாட்டினார். பிறகு பேனையை மூடி வைத்தார்.

"தங்கச்சி, குறை நினைக்கக்கூடாது. இஞ்ச பிள்ளையளைப் பறிகுடுத்த தாய்மாரின்ர கதையைத்தான் நாள் முழுக்கக் கேக்கவேணும். உங்களுக்கு இன்னும் தம்பியின்ர குரல் கேக்கிறதெண்டு கேள்விப்பட்டம். தாங்குவீங்களோ?"

அவள் கதிரை நுனிக்கு வந்தாள்.

"அது முந்தி, சேர். இப்ப இல்லை. மருந்தும் நிப்பாட்டியாச்சு."

"ஓம், ஓம். வடிவாய்ச் சுகமாகுங்கோ. பிறகு பாப்பம்."

அவருக்குப் பின்னால் சுவரில், மனநோய் வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல என்று பெரிய எழுத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது.

வெளியே வாசலில் பிரஷாந்தினி இரண்டு சோடாப் போத்தலோடு நின்றாள்.

"அவருக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள் நிதர்சனா.

பிரஷாந்தினி மறைக்கவில்லை. "நான்தான். உன்னைப் பற்றி என்னட்டைக் கேட்டவை. நான் பொய் சொல்லேலுமே?"

"அது அந்த அறைக்குள்ள சொன்னதடி."

"ஆபத்திருந்தா வெளியில சொல்லலாமெண்டு நாங்கள் படிச்சனாங்கள்தானே? உனக்கு ஏதும் நடந்தா? உன்னட்டை வாற தாய்மாருக்கு ஏதும் நடந்தா? உன்ர நன்மைக்குத்தான் சொன்னனான்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கூடப் படித்த பாடத்தையே எடுத்துக் காட்டியதுதான் நிதர்சனாவால் தாங்க முடியாமல் போனது. நீட்டிய சோடாவை வாங்காமல் நடந்து வந்து தனியாக பஸ் ஏறினாள்.

வேலை பிரஷாந்தினிக்குக் கிடைத்தது.

அதோடு முடிந்திருந்தால் நிதர்சனா மெல்ல மறந்திருக்கவும் கூடும். ஆனால் பிரஷாந்தினிக்குக் கொடுத்த கிராமங்களில் நிதர்சனாவின் ஊரும் இருந்தது. புதன்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டி வைத்துக் கதைத்தாள். போனவர்களில் யூலிற்றாவும் ஒருத்தி. மகளோடு படித்த பிள்ளை என்பதற்காகவே போனாள்.

முதல் நாள் திரும்பி வந்த தாயைப் பார்த்து நிதர்சனா திகைத்துப் போனாள். கண் வீங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது. குசினிக்குள் போய் மீன் குழம்பு வைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

"என்ன கதைச்சனீங்கள், அம்மா?"

"தம்பியைப் பற்றி. அந்தப் பிள்ளை எவ்வளவு ஆறுதலாக் கேக்குது தெரியுமே! மிச்சம் ஒண்டும் கேளாதை. அங்கை கதைச்சதை வெளியில சொல்லக்கூடாதாம்."

நிதர்சனா கிணற்றடிக்குப் போய் நின்றாள். தாய் பதினைந்து வருடங்களுக்கு மேலாக மூடி வைத்திருந்ததை அவிழ்த்துக் கொட்டியது, தன் மகளின் கதையை விற்றவளிடம். அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருந்தது. அரிசிப் பையின் கதை பிரஷாந்தினிக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் வைத்து, யாருடைய நன்மைக்கென்றாவது, அவள் அதையும் சொல்லிவிட்டால்?

அடுத்த புதன் வருவதற்கு முன் நிதர்சனா தாயைக் கூட்டி இருத்தி எல்லாவற்றையும் சொன்னாள். கிளினிக், மருந்து, நேர்முகம், கடைசியில் தான் விட்ட கை. யூலிற்றா சேலைத் தலைப்பைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு எப்ப சொன்னனி?"

"இரண்டாம் வருசம்."

"ஆரெண்டும் தெரியாத பிள்ளைக்கு அப்பவே சொல்லியிருக்கிறாய். பெத்தவளுக்கு இண்டைக்குத்தான்."

"நீங்கள் அவன்ர பேரையே எடுக்க விடேல்லையே, அம்மா."

யூலிற்றா எழுந்து போனாள். அந்த வாரம் முழுவதும் மகளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிரஷாந்தினிக்குச் சொன்ன ஒரே குற்றத்துக்கு நிதர்சனாவுக்கு இரண்டு பக்கமும் தண்டனை கிடைத்ததுபோல் இருந்தது.

புதன்கிழமை காலை தாய் வெளிக்கிட்டு நின்றாள். "என்னைக் கொண்டுபோய் விடு" என்றாள்.

"அவளிட்டையோ? நான் இவ்வளவு சொன்னாப் பிறகுமோ?"

"அவள் உனக்குச் செய்தது துரோகம்தான். அதை அவளுக்கு முகத்துக்கு நேரை சொல்லுவன். ஆனா எனக்கு அவனைப் பற்றிக் கதைக்க வேறை இடமில்லை, பிள்ளை."

நிதர்சனா ஸ்கூட்டியை எடுத்தாள். கடற்கரை வீதியில் காற்று முகத்தில் அடித்தது. பின்னால் இருந்த தாய் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் பையை உன்ர தலையில தூக்கி வைச்சது நான். உனக்குப் பாரமெண்டு தெரிஞ்சுதான் வைச்சனான்."

நிதர்சனா ஸ்கூட்டியை வீதியோரம் நிறுத்தினாள். இருவரும் இறங்கவில்லை. தாய் முதுகில் முகத்தை வைத்து அழ, அவள் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தபடி முன்னால் பார்த்து அழுதாள். வாகனங்கள் ஒதுங்கிப் போயின.

சொன்னபடியே யூலிற்றா மண்டபத்தில் அதை முகத்துக்கு நேரே கேட்டாள் என்று பிறகு ஊரில் கதை வந்தது. பிரஷாந்தினி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாளாம். வேலையை அவள் விடவில்லை. யூலிற்றாவும் போவதை விடவில்லை.

நிதர்சனா வவுனியாவில் இன்னொரு நேர்முகத்துக்குப் போனாள். போதைப்பொருளில் இருந்து மீள வருகிறவர்களைப் பராமரிக்கும் சிறிய இல்லம் அது. யாரும் கேட்பதற்கு முன்பே, தான் மருந்து எடுத்ததைச் சொன்னாள். அங்கிருந்த டொக்டர் சிவலட்சுமி, "மருந்தை நீங்களாய் நிப்பாட்டினீங்களோ, டொக்டர் நிப்பாட்டினவரோ?" என்று மட்டும் கேட்டார். டொக்டர்தான் என்றதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த வேலை கிடைத்தது.

இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். கூட வேலை செய்கிற பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள், அழுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "நீங்களும் ஏதாவது சொல்லுங்கோவன், அக்கா" என்று கேட்டால், சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவ எழும்பிவிடுவாள்.

பிரஷாந்தினி மன்னிப்புக் கேட்டுக் குரல் பதிவுகள் அனுப்பியிருக்கிறாள். நிதர்சனா ஒன்றையும் திறக்கவில்லை, அழிக்கவுமில்லை.