இன்னும் பிறக்காத அக்கா

எங்கள் கண் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவருக்குப் பெயர் காலண்டர். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சட்டென்று சொல்லிவிடுவார். பக்கத்து மேஜையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தக் கர்வம் அவருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரைக் காட்டிப் பந்தயம் கட்டுகிறவன் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் போகும், போனது திரும்பாது. அதனால் ஐம்பதைத் தொட்ட பழைய நோயாளிகள் எல்லாருக்கும் வருஷாவருஷம் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் போக வேண்டும். பழைய அட்டைகளில் பிறந்த வருஷம் இரண்டே இலக்கத்தில் இருந்தது. அதைப் படித்து, இன்றைய தேதியிலிருந்து கழித்து, ஐம்பதோ அதற்கு மேலோ வந்தால் கடிதம். அதற்கான புரோகிராமை எழுதுவது காலண்டருக்கு ஒரு மத்தியான வேலை. தன் பிறந்த தேதியையே போட்டுச் சோதித்தார். வருஷம் 72, வயது ஐம்பது, சரி. முதல் கடிதம் அவருக்கே போனது. அதைச் சுவரில் ஒட்டிவைத்தோம்.

அவருடைய அக்கா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், எங்கள் ஆஸ்பத்திரியில் பழைய அட்டை உள்ளவர். வேலை முடிந்து, பஸ் வரும்வரை எங்கள் அறையில்தான் இருப்பார்.

"எதிர்வீட்டுக்காரிக்கு உங்க கடுதாசி வந்துருச்சு. எனக்கு ரெண்டு வருஷமா வரலை. நான் அவளைவிட நாலு வயசு மூத்தவ. பாத்துக்கோங்க, மிஷினுக்கே தெரியுது நான் இன்னும் குமரின்னு."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை மறைக்கப்போவதில்லை. நர்ஸம்மாகூட ஒருநாள் வந்து, "அறுபது எழுபது வயசுக்காரங்க ஒருத்தரும் வர்றதில்லையே சார்" என்றார். "வயசானா அலட்சியம்மா" என்றார் காலண்டர். அதோடு விட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை அக்கா எங்கள் அறைக்கதவில் வந்து மோதினார். இரட்டைக் கதவில் இடதுபக்கம் சாத்தியிருந்தது. அது அவர் கண்ணில் படவே இல்லை. கீழே கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். வலது கண் பாதி.

"கடிதம் வந்ததும் ஏன் வரலை?" என்று டாக்டர் கேட்டார். "வரவே இல்லையே" என்றார் அக்கா.

காலண்டர் மாடியேறி வந்து அக்காவின் அட்டை எண்ணைத் தட்டினார். வயதைத் திரையில் காட்டச் சொன்னார். தன் வயதைச் சோதித்த அந்த ஒரு தடவைக்குப் பிறகு அதைக் காட்டச் சொன்னதே இல்லை. கடிதம் போகிறதா என்று மட்டும்தான் பார்த்தோம். கழித்தல் நாற்பத்திரண்டு என்று வந்தது.

இரண்டு இலக்க வருஷத்துக்கு நாங்கள் புரோகிராம் எழுதும் கம்ப்யூட்டர் மொழியில் ஒரு விதி உண்டு. 69-ம் அதற்கு மேலும் போன நூற்றாண்டு, அதற்குக் கீழே எல்லாம் இந்த நூற்றாண்டு. அக்காவின் 66, 2066 ஆகியிருந்தது. கணக்குப்படி அக்கா இன்னும் பிறக்கவே இல்லை. யாருக்கு அந்தக் கடிதம் ரொம்ப அவசியமோ அவர்கள் யாருமே பிறக்கவில்லை. எண்ணிப் பார்த்தோம், மூவாயிரத்து நானூற்றுப் பதினோரு பேர்.

"எனக்கு இந்த விதி தெரியும்ப்பா. படிச்சிருக்கேன்" என்றார் காலண்டர். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எதிர்காலத்தில் பிறந்ததாக வந்தால் நூறு வருஷம் குறை என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். சரியாகிவிட்டது. அந்த ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. புதுக் கடிதங்களை அனுப்பும்போது, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் அக்கா கையில் கடிதத்தோடு வந்தார். நெற்றியில் இன்னும் வீக்கம் இருந்தது.

"படிடா, எழுத்து பிடிபடலை."

காலண்டர் வாங்கினார். அப்படியே என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் படித்தேன். வயது ஐம்பத்தெட்டு என்ற இடத்தில் அக்கா என்னைக் கைகாட்டி நிறுத்தினார். தம்பி நிற்கும் பக்கம் முகத்தை முழுசாகத் திருப்பினார்.

"போகட்டும்டா. இப்பவாவது என்னைப் பொறக்க விட்டியே."