பார்த்துக்கொள்ளச் சொன்ன பெட்டி

சென்ற ஆண்டு மழைக்காலம். கொட்டாஞ்சேனையில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண், யாழ்ப்பாணத்தில் தம்பிக்குச் சத்திரசிகிச்சை என்று அவசரமாகப் புறப்பட்டார். அவருடைய ஒரே கோழியை அடைகிடந்தபோது நாய் கடித்துக் கொன்றிருந்தது. மிஞ்சிய ஒன்பது முட்டைகளையும், இரவல் வாங்கிய மின்சாரப் பொரிப்புப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தார். குஞ்சு பொரிக்க இன்னும் மூன்று நாட்கள். பெட்டியை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“சூடு முப்பத்தெட்டுக்கு வந்தா ஹீற்றர் தானா நிக்கும், குறைஞ்சா தானா பத்தும். சிவப்பு லைற் நூந்தாப் பழுதெண்டு நினைக்காதேங்கோ. பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை.”

நானும் பார்த்தேன். லைற் அணையும்போதெல்லாம் மனம் பதறியது. பெட்டியின் கண்ணாடியில் நீராவி படிந்திருந்ததால், உள்ளே கிடந்த வெப்பமானி தெரியவில்லை. மூடியைத் தூக்கிவைத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, குனிந்து வாசித்தேன். முப்பத்தாறு. அரை மணி கழித்து முப்பத்தாறரை. பிறகு முப்பத்தைந்தரை. நேரத்தோடு ஒரு கொப்பியில் குறித்தேன்.

“முட்டைக்கு அடைகிடக்கிறது பெட்டியோ, நீங்களோ?” என்று மனைவி கேட்டாள்.

யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றார். லைற் பத்திப் பத்தி நூருகிறது என்றால் எல்லாம் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. இரண்டாம் நாள், எங்கள் ஒழுங்கையில் மின்சாதனம் திருத்தும் சிங்களத் தொழிலாளியான பாஸைக் கூட்டிவந்தேன். அவர் மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, கால் மணி நேரம் வயர்களைச் சோதித்தார்.

“ஹீற்றர் ஹொந்தய், மஹத்தயா.”

நன்றாக இருக்கிறதாம். நான் கொப்பியைத்தான் நம்பினேன்.

மூன்றாம் நாள் ஒரு முட்டையின் ஓட்டில் சிறு துளை விழுந்தது. உள்ளே அலகு அசைந்தது. அதையும் திறந்து திறந்து பார்த்தேன்.

மறுநாள் காலை அவர் திரும்பியபோது நான்கு குஞ்சுகள் நின்றன. நான்கு முட்டைகள் பொரிக்கவேயில்லை. துளை விழுந்த முட்டைக்குள், உட்தோல் காய்ந்து ஒட்டியதில், வெளியே வர முடியாமல் குஞ்சு இறந்து கிடந்தது. ஹீற்றர்தான் பழுது என்று கொப்பியை நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“மூடி திறக்காமல் எடுத்த கணக்கு ஒண்டும் இதில இல்லையே அண்ணை?”

இல்லை என்றேன்.

“அப்ப இது நீங்கள் திறக்கத் திறக்க விழுந்த சூடு. கடைசி மூண்டு நாளும் உள்ளுக்க இருக்கிற ஈரம் வெளிய போகக்கூடாது. திறக்காதேங்கோ எண்டு சொல்லாமல் போனது என்ர பிழை.”

அவர் என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ‘பார்த்துக்கொள்ளுங்கோ’ என்றதில் எனக்கு முன்பாதி மட்டுமே கேட்டிருந்தது.

அந்த நான்கும் இப்போது வளர்ந்த கோழிகள். மதிலுக்கு அப்பால் அவை கத்தும்போதெல்லாம் கொப்பி நினைவுக்கு வருகிறது: அதில் ஓர் எண்ணும் பிழையில்லை, சூட்டைக் குறைத்த கையை மட்டும் நான் எழுதாமல் விட்டிருக்கிறேன்.