ஊதாத் தண்ணீரில் கழுவிய பிளம்ஸ்

அந்த மார்கழியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பன்னீர் வாசம்தான். உலகச் சண்டை முடிந்து வந்த முதல் நத்தார், கிறிஸ்மஸ். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தால் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது கேட்கும். பின்னேர வெயில் கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கி, தரையில் ஒரு சதுரமாகக் கிடந்து, மெல்ல மெல்லச் சுவரை நோக்கி நகரும். மகள் பிரம்புக் கதிரையில் இருந்து அதைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன். நாட்கள் அப்படித்தான் போயின.

அவளுக்கு ஒன்பது வயது. நெருப்புக்காய்ச்சல், குடலைப் புண்ணாக்கும் அந்த டைபாய்ட், வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆகியிருந்தது. தலைமயிர் கொட்டிப் போய்விட்டதால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருப்பாள். "இனி எல்லாம் குடுக்கலாம், மாஸ்டர். பாண், மீன், எல்லாம்," என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை இருந்தது. காய்ச்சல் விட்டு, எழுந்திருந்து சிரித்த பிள்ளை. ஒரு காலை போனபோது அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ பாசத்தில் எதையோ தின்னக் கொடுத்துவிட்டார்களாம். அந்த விரிப்பை உதறிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ஓடுகிறாள். ஆனாலும் அவள் படியிறங்குமுன் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் விட முடிவதில்லை.

ஆகவே வீட்டில் கஞ்சிதான். வடித்த கஞ்சி, வடித்த சூப். முதல் கிழமை அவள் அழுதாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் சோறு சுடுகிறது, ரிபன் இறுக்குகிறது என்று எதற்கும் குறை சொல்கிற பிள்ளை, கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பித் தருவாள். வந்து பார்த்தவர்கள், நல்ல அமைதியான பிள்ளை என்றார்கள். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. மனைவிக்கு இருக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, இந்த முறை கேக் அடிப்பம்," என்றாள் ஒரு காலை. "பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டவள்."

"என்ன கேட்டவள்?"

"ஓரம்."

எங்கள் வீட்டில் நத்தார் கேக்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கடதாசியில் சுற்றி, சொந்தக்காரருக்கும் அயலுக்கும் அனுப்புவோம். துண்டுகள் ஒரே அளவாக வர வேண்டுமென்பதற்காக முதலில் நாலு பக்கமும் ஓரத்தை நறுக்கி எடுப்பார்கள். அந்த ஓரம் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நத்தார் வரை காத்திருக்கத் தேவையில்லை. அதைத்தான் கேட்டிருக்கிறாள், அதுவும் என்னிடம் இல்லை, தாயிடம், மெதுவாக.

"பார்ப்பம்," என்றேன்.

சனிக்கிழமை என் அக்கா வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். எங்கள் குடும்பத்தில் கேக் அவளுடைய பொறுப்பு. கப்பல் பிந்தி வந்ததால் பழங்களும் பிந்தித்தான் கிடைத்திருந்தன. முந்திரிகை வற்றல், எங்கள் வழக்கில் பிளம்ஸ், இத்தனை வருடம் கண்ணில் காணாதது. அதோடு சுல்தானா, சீனிப் பாகில் ஊறிய பூசணித் தோசி. கூடத்தில் பாய் விரித்து, பலகை வைத்து, அக்காவும் மனைவியும் வெட்டினார்கள். மகள் கதிரையில் இருந்தபடி பிளம்ஸில் காம்பு ஆய்ந்தாள். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கண்ணை எடடா அவளில இருந்து," என்றாள் அக்கா. "பிள்ளை கரைஞ்சு போகப் போறாள்."

மூன்று மணிபோல இருவரும் முட்டை வாங்க அடுத்த ஒழுங்கைக்குப் போனார்கள். மகள் கதிரையிலேயே தூங்கிப்போனாள். வெட்டிய பழம் எல்லாம் தட்டில் குவிந்து மினுங்கிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க இனிப்பு வாசம். எனக்கும் கண் சொருகியது. அப்போதுதான் ஒரு இலையான் வந்து பழத்தில் இருந்தது.

ஒரேயொரு ஈ. காய்ச்சலைக் காவி வருவது இலையான்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். விரட்டினேன். திரும்ப வந்தது.

கிருமி சாகக் கிணற்றுக்குப் போடும் ஊதா மருந்தை, பெர்மாங்கனேட்டை, நான் அந்த நாட்களில் எப்போதும் கரைத்து வைத்திருப்பேன். கை கழுவ, கோப்பை கழுவ, கதவுக் கைபிடி துடைக்க. ஒரு பேசினில் அதை ஊற்றிப் பழத்தை எல்லாம் அதற்குள் கொட்டினேன். ஊதா நிறம் கண் முன்னே கலங்கி, துருப்பிடித்த தண்ணீர்போல மண்ணிறமாகியது. ஆஸ்பத்திரியில் தந்த துண்டுப் பிரசுரத்தில் வாசித்திருந்தேன்: ஊதா அப்படியே நின்றால் தண்ணீர் நல்லது, நிறம் மாறினால் அழுக்கு. அப்படியென்றால் இதையா என் பிள்ளைக்குக் கொடுக்க இருந்தோம்? வடித்துவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடியும் மண்ணிறம். மூன்றாம் தரம், நான்காம் தரம். வெயில் சதுரம் பேசின்மேல் வந்து நின்றது. ஊதா அதில் ஒரு கணம் அவ்வளவு அழகாகத் தெரியும், உடனே மறைந்துவிடும். எவ்வளவு நேரம் அப்படிக் குந்தியிருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

"டேய்! என்னடா இது?"

அக்கா முட்டைக் கூடையோடு வாசலில் நின்றாள்.

"எத்தனை தரம் கழுவினாலும் ஊத்தை வருகுது, அக்கா. கடைக்காரன் என்னத்தைத் தந்திருக்கிறான் பார்!"

அவள் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். "ஊத்தை இல்லையடா, சீனி! தோசி முழுக்கச் சீனிதானே? சர்பத் கிளாஸைக் கழுவினாலும் உந்த மருந்து இப்பிடித்தான் நிறம் மாறும். விசரா உனக்கு? இந்த லட்சணத்தில ஊர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் போறாயாம்!"

"நான் இங்கிலீஷ்தானே படிப்பிக்கிறனான்," என்றேன்.

மனைவி ஏசவில்லை. பாயில் இருந்து, சேறுபோல ஊறிக் கிடந்த பழத்தை விரலால் கிளறினாள். "இனிப் பிளம்ஸுக்கு எங்க போறது?" என்றாள்.

அப்போது கதிரையிலிருந்து குரல் வந்தது. எப்போது விழித்தாள் என்று தெரியாது.

"மாமி, பப்பாவை ஏசாதீங்கோ. எனக்குக் கேக் வேண்டாம். நான் கேட்டபடியாலதான் பப்பா பயந்தவர்."

அவள் ஏன் அழுவதை விட்டாள், ஏன் எதையும் கேட்பதில்லை என்று எனக்கு அந்த நேரம் விளங்கியது. நான் பயப்படக் கூடாதென்று அந்தப் பிள்ளை தன் ஆசைகளை ஒவ்வொன்றாக மூடி வைத்திருந்தது. ஆறு கிழமையாக நான் அவளைப் பராமரிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அக்காதான் முதலில் அசைந்தாள். "கேக் அடிக்கத்தான் போறம். கஜு இருக்கு, சாடியில இஞ்சித் தோசி இருக்கு. நீ வா, பட்டரை அடி. இண்டைக்கு உன்ர கை முறியட்டும்."

அடித்தேன். சீனி கரைந்து பட்டர் வெளுக்கும்வரை அடித்தேன். மனைவி ரவையை வறுத்தாள். மஞ்சட் கருக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. தேன், பன்னீர், கொஞ்சம் பிராந்தி. அடுத்த நாள் பூசை முடிந்து, தட்டைத் தலையில் வைக்காத குறையாகப் பேக்கரிக்குக் கொண்டுபோனேன். பாண் எடுத்த பிறகு போறணை அடுப்பில் தங்கும் இளஞ்சூட்டில்தான் கேக் வேக வேண்டும். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்து, "சுதுயி நே, மாத்தயா?" என்றார், வெள்ளையாக இருக்கிறதே ஐயா என்று சிங்களத்தில். பழமில்லாமல் அது வெளிறித்தான் இருந்தது. ஓம் என்று தலையாட்டினேன்.

பின்னேரம் மனைவி ஓரங்களை நறுக்கி ஒரு சோசரில் வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். சோசரை நான் எடுத்தேன். கதிரைக்குப் பத்து அடி இருக்காது. அதற்குள் இரண்டு தரம் நின்று, ஓரங்களை முகர்ந்து பார்த்தேன்.

அவள் கேக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லையா, பப்பா?"

"சாப்பிடு, மகள்."

மென்றாள். வெகு நேரம் மென்றாள். விழுங்குவதை அவள் தொண்டையில் கண்டேன். அடுத்த கடி. பிறகு புருவத்தைச் சுருக்கினாள்.

"பிளம்ஸ் இல்லை."

"இல்லைத்தான்."

"இஞ்சி கூடிப்போச்சு. நாக்கு எரியுது."

"உன்ர பப்பாவைக் கேளடி!" என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்.

"இது நல்லாயில்லை," என்றாள் மகள், வெறும் சோசரை என் கையில் தந்தபடி. "இஞ்சி இல்லாத பக்கமாப் பார்த்து இன்னொரு ஓரம் வெட்டித் தாங்கோ."

அடுப்படியில் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கத்தியை என்னிடம் நீட்டினாள். நான் தட்டின்மேல் குனிந்து, கத்தி முனையால் கிளறிக் கிளறி, இஞ்சி இல்லாத ஒரு ஓரத்தைத் தேடத் தொடங்கினேன்.